அம்மணியைத் தாய்வீட்டுக்கு அனுப்பின கதை

தோபியாஸ் வலையை அறுத்து விட்ட மறுநாள் மத்தியானம், அந்த உழுவை அவன் வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. நின்னுச்சுன்னா, நீந்திக்கிட்டே நின்னுச்சு. வாசல்ல தண்ணி கெடையாது.

எங்க சேந்தன்துறையில கொண்டல் காத்து அடிக்கிற மாசத்துல மத்தியானத்துக்கு மேல காத்தே பாதி தண்ணிதான், துவைச்சுப் போட்ட சேலை காயாது, பொரிச்ச அப்பளம் தட்டுக்கு வர்றதுக்குள்ள நமுத்துப் போவும், கதவு ஊதிப்போயி நெலையோட சண்டை போடும், அப்பேர்ப்பட்ட காத்துல ஒரு மீன் நீந்தி வந்தா வந்துட்டுப் போவுதுன்னுதான் எங்களுக்குத் தோணுச்சு. எங்களுக்குத் தாங்காதது அது வந்தது இல்ல. தோபியாஸ் வீட்டுக்கு வந்தது.

அம்மணி உழுவைன்னு நாங்க சொல்லுவோம், வெளியூர்க்காரவிய திமிங்கிலச் சுறாம்பாவ. ரெண்டு வள்ளத்தை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நிறுத்தின நீளம், முதுகு பூரா வெள்ளைப் புள்ளி, வாயைத் தொறந்தா கோயில் வாசல் மாதிரி அகலம், ஆனா கடிக்கத் தெரியாத சாது, தண்ணியில மிதக்குற பொடியை வடிகட்டித் தின்னுட்டு தன் பாட்டுக்குப் போவும். அதுதான் தோபியாஸ் போட்ட புது வலையில வந்து சுத்திக்கிச்சு. கூடப் போனவனுவ கத்துறானுவ, இவன் கத்தியை எடுத்து வலையை அறுத்து விட்டுட்டு வந்துட்டான். "ஏம்ல அறுத்த?"ன்னு கரையில எல்லாரும் கேட்டோம். "அது என்னையப் பாத்துச்சு"ன்னான். அவ்வளவுதான். தோபியாஸ் வாயில இருந்து அவ்வளவு வந்ததே அதிகம்.

அவன் பொண்டாட்டி எஸ்கலினைக் கேட்டா சொல்லுவா. மூணு பிள்ளை பெத்து, மூணையும் வெளியூர் விடுதியில சேத்துட்டு, அந்த வீட்ல அவனும் அவளுமா இருந்த காலத்துல, அவன் அவகிட்டப் பேசினது மூணே வார்த்தை: சோறு, தண்ணி, சரி. அதுலயும் சரிங்கிறது வாயால வராது, தலையாலதான் வரும்.

அப்பேர்ப்பட்டவன், வாசல்ல வந்து நின்ன உழுவைக்குக் கடல்ல இருந்து கொடங்கொடமா தண்ணி சொமந்து வந்து, ஏணி போட்டு ஏறி, தலையில இருந்து வால் வரைக்கும் ஊத்திக்கிட்டே பேசுறான். என்னன்னு? "வெயில் சுடுதா? இந்தக் கொடத்தோட கொஞ்சம் பொறு. இன்னைக்கு நீரோட்டம் சரியில்ல, நீ இங்க வந்ததே நல்லதாப் போச்சு." கதவுக்குப் பின்னால எஸ்கலின் நின்னு கேட்டா. முருங்கைக்கீரை உருவிக்கிட்டு நின்னவ, கீரையைக் கீழ போட்டுட்டு காம்பைச் சட்டியில போட்டா.

"இந்தாருங்க," ன்னா. "சோறு ஆறுது."

தோபியாஸ் திரும்பிப் பாக்காமலே தலையை ஆட்டினான். சரியாம்.

ஊரு உழுவையோட பழகிக்கிட்டதைச் சொல்லணும். அது காத்துல வாயைத் தொறந்துக்கிட்டுப் போவுதா, தெருவுல இருந்த கொசு பூரா வடிகட்டி உள்ள போயிருச்சு. தோபியாஸ் வீடு இருக்கிற கீழத்தெருக்காரன் கொசுவலை இல்லாம கையைக் காலை விரிச்சுத் தூங்குறான், மேலத்தெருக்காரன் விடிய விடிய கன்னத்துல அறைஞ்சுக்கிட்டுக் கெடக்கான். கரையில மீன் ஏலம் விடுறவரு அதோட நெழல்ல நின்னுதான் ஏலம் விட்டாரு, அது நகந்தா ஏலமும் நகரும், ஒருநாள் நகந்து நகந்து சீலா மீனும் பாறை மீனும் கல்லறைத் தோட்டத்து வாசல்ல போயி வெலை போச்சு. பங்குச்சாமி, அவரு "உப்பு கொண்டா"ன்னு சொன்னாலும் பூசைப் பாட்டு மாதிரி இழுத்துத்தான் சொல்லுவாரு, ஞாயித்துக்கிழமைப் பிரசங்கத்துல சொன்னாரு: "பிரியமான எறைமக்களே... கடல்வாழ் உயிர்கள்... யாருக்கும் சொந்தமில்லை... ஆயினும்... சாமியார் பங்களாப் பக்கம்... கொசு... மிகுதி." ஆமென்னு சொன்னது மேலத்தெரு மட்டும்தான்.

அந்தச் சமயத்துலதான் சுகிர்தா டீச்சர் வந்தா. பள்ளிக்கூட டீச்சர் இல்ல, சுறாவைப் படிக்கிற டீச்சர். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை, கடலே இல்லாத ஊர்ல பொறந்துட்டு கடலைப் படிக்க வந்தவ, வார்த்தைக்கு வார்த்தை ஒரு "ங்க" போடுவா. அவ உழுவை வயித்துக்குக் கீழ நாற்காலி மேல நாற்காலி போட்டு ஏறி, ஒரு பெட்டியை வச்சு அங்கயும் இங்கயும் தேய்ச்சுப் பாத்துட்டு, அப்படியே நாற்காலியில உக்காந்துட்டா.

"ஏனுங்க, இவ மாசமா இருக்காளுங்க."

"எத்தனை டீச்சர்?"

"முந்நூறு இருக்குமுங்க."

ரெட்டைப் பிள்ளை பெத்ததைப் பெருமையாச் சொல்லிக்கிட்டே இருக்கிற கிளாடிஸ் மைனி, எஸ்கலினுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, மெதுவா எழுந்து உள்ள போயிட்டா.

டீச்சர் வெளக்கினா: இது பெரியவளாகி மாசமாக நம்ம பொண்ணுங்களை விட அதிக வருசம் ஆவும், ஒண்ணைக் கொன்னா அந்த எடத்துக்கு இன்னொண்ணு வர ஒரு தலைமுறை கழியும், சுறாவும் உழுவையும் இல்லாத கடல் சீக்குக் கடல், அங்க மத்த மீனும் நெலைக்காது, ஆனா இதுவ எங்க போயி குட்டி போடுதுன்னு உலகத்துல ஒருத்தரும் கண்ணால கண்டதில்ல. "இவ குட்டி போடுற எடம் தெரிஞ்சாப் போதுமுங்க, அடியோட வாரிட்டுப் போற இழுவைமடி வலை அந்தப் பக்கம் வராம எழுதி வாங்கிருவேன்"னு சொல்லி, முதுகுத் துடுப்புல மஞ்சளா ஒரு கருவியை மாட்டி விட்டா. போற எடத்தை அது காட்டுமாம். வெயில் பட்டு அது மினுங்குது, உழுவை திரும்பும்போதெல்லாம் ஆடுது.

எஸ்கலின் பாத்தா. பாத்துட்டுச் சொன்னா: "பத்தொம்பது வருசமா ஒரு ஜிமிக்கி கேட்டேன்."

இந்த எடத்துல எஸ்கலின் குடும்பத்துக் கண்ணைப் பத்திச் சொல்லியாகணும். அவ அப்பன் ஒருநாள் புது வள்ளத்தைப் பாத்து "நல்ல வள்ளம்"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. வள்ளம் நெடுக்கப் பொளந்துச்சு. அவ அத்தை ஒரு கல்யாணத்துல கேக்கைப் பாத்து "ஒசரமா இருக்கே"ன்னா, கேக்கு உக்காந்துருச்சு. அந்த ரத்தத்துல வந்தவ, அதுவும் வயித்தெரிச்சல்ல இருக்கிறவ, மாசமா இருக்கிறதை நாளெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தா முந்நூறு உசுருக்கு என்ன ஆவும்? பொம்பளைங்க கூடி உப்பு மொளகா சுத்திப் போடலாம்னாவ. "கடல்ல ஊறிக் கெடக்குறவளுக்கு உப்பைச் சுத்தி என்னட்டி ஆவும்?"னு கிளாடிஸ் மைனி மூக்கால கேட்டா, அவளுக்குக் குரலே மூக்கு வழியாத்தான் வரும். கடைசியில கோயில் திருவிழாக் கடையில இருந்து பெரிய கருப்புக் கூலிங் கிளாஸ் ஒண்ணு வாங்கிட்டு வந்து எஸ்கலின் கையில குடுத்தாவ.

"மைனி, தப்பா நெனைக்காத. பேறுகாலம் முடியிற வரைக்கும் இதை மாட்டிக்கோ."

எஸ்கலின் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "புருசனைத் தூக்கிக் குடுத்துட்டேன், இனி கண்ணும் வேணுமா?"ன்னா. ஆனா மாட்டிக்கிட்டா. கூலிங் கிளாஸோட கொழம்பு வச்சா, கூலிங் கிளாஸோட கூட்டிப் பெருக்குனா, கூலிங் கிளாஸோட பூசைக்குப் போயி நற்கருணை வாங்குனா, பங்குச்சாமி ஒரு நிமிசம் பயந்துட்டாரு.

பொறாமைங்கிறது கொண்டல் காத்து மாதிரி, ஒரு வீட்டுக் கதவை மட்டும் ஊத வச்சுட்டுப் போவாது. மேலத்தெருக்காரனுவ காய்ஞ்ச கூனி எறாலைப் பொடிச்சு, மாடியில நின்னு காத்துல தூவுனானுவ. உழுவைக்கு வாசம் புடிச்சிருச்சு. மறுநாள் அது தோபியாஸ் வாசலைத் தாண்டி, திரும்பிக்கூடப் பாக்காம, மேலத்தெருவுக்குப் போயி பொழுது சாயிற வரைக்கும் அங்கயே வாயைத் தொறந்துக்கிட்டு நின்னுச்சு. தோபியாஸ் தண்ணிக் கொடத்தோட தெருமுனையில நின்னு பாத்தான். அவன் மூஞ்சியைப் பாத்து எஸ்கலினுக்கு ஒரு நொடி சிரிப்பு வந்துச்சு, அடுத்த நொடி அழுகை வந்துச்சு, ஏன்னா அந்த மூஞ்சி அவளுக்குத் தெரியும், அவ தெனம் கண்ணாடியில பாக்குற மூஞ்சி அது.

அன்னைக்கு உழுவை திரும்பி வந்ததும், தோபியாஸ் நங்கூரக் கயித்தை எடுத்து அது வால்ல கட்டி, மறுமுனையை வீட்டுத் தூண்ல கட்டிப்போட்டான்.

வலையை அறுத்து விட்ட அதே கை.

டீச்சர் ஓடி வந்தா. "அண்ணா, அவிழ்த்து விடுங்கண்ணா. அவளுக்கு நேரம் நெருங்குதுங்க. குட்டி தண்ணியிலதான் விழணும், காத்துல விழக்கூடாதுங்க."

"வெளிய விட்டா இழுவைமடிக்காரன் வாரிட்டுப் போவான்."

"மேலத்தெருக்காரங்க மேல இருக்கிற கோவத்துல பண்ணாதீங்கண்ணா."

"இங்க பெறட்டும். நான் பாத்துக்கிடுவேன்."

"முந்நூறையுமா?"

தோபியாஸ் தலையை ஆட்டினான்.

மேலத்தெரு மட்டும் சும்மா இருக்குமா, அவிய குழி வெட்டி, தார்ப்பாய் விரிச்சு, கடல்தண்ணி நெரப்பி, தோரணம் கட்டி, பேறுகாலம் எங்க தெருவுலதான்னு மைக் வச்சுச் சொன்னாவ. கீழத்தெரு அதைவிடப் பெரிய குழி வெட்டுச்சு. ரெண்டு தெருவும் மம்பட்டியோட நிக்கிது, நடுவுல உழுவை கயித்துல கெடக்கு, வாயைத் தொறக்கல. கொசு திரும்பி வந்துருச்சு. அதை யாரும் பெரிசா எடுத்துக்கல.

ஒருத்தி எடுத்துக்கிட்டா. பிரியமா இருக்கிறவன் தண்ணி ஊத்திட்டுத் தூங்கப் போயிருவான், படிச்ச பிள்ளை பெட்டியைப் பாக்கும், ஆனா பொறாமைக்காரி கண்ணை எடுக்கவே மாட்டா. எஸ்கலின் கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால இருந்து அதையே பாத்துக்கிட்டுக் கெடந்தா: எரை எடுக்கல, செவத்துல விலாவை வச்சு உரசுது, ஒரு பக்கம் சாயுது, மறுபக்கம் சாயுது, எந்தப் பக்கமும் ஒத்துக்கல. மூத்தவன் பொறக்கும்போது எஸ்கலின் அதே செவத்துல அதே மாதிரி உரசிக்கிட்டு நின்னா. அன்னைக்கு அவ பக்கத்துல தண்ணிக் கொடத்தோட யாரும் நிக்கல.

அவளுக்கு எரக்கம் வந்துச்சுன்னு நெனைக்காதிய. "போயித் தொலையட்டும்"னுதான் நெனைச்சா. கத்தியைத் தேடுனா, தோபியாஸ் இடுப்புல இருந்துச்சு. அதனால கத்தியை விடக் கூரான ஒண்ணை எடுத்தா. தெருவுக்கு வந்து, ரெண்டு தெருக்காரவியளுக்கும் நடுவுல நின்னு, இடுப்புல கை வச்சுக் கேட்டா:

"எந்த ஊர்லய்யா தலைப்பிரசவத்தைப் புருசன் வீட்ல வச்சுப் பாப்பாவ?"

மம்பட்டி எல்லாம் நின்னுச்சு.

"கேக்கேன், சொல்லுங்க. கிளாடிஸ் மைனி, நீ ரெட்டையை எங்க போயிப் பெத்த?"

"எங்கம்மா வீட்ல," ன்னு மூக்கு சொல்லுச்சு.

"நான் எங்க பெத்தேன்?"

"செவத்துல உரசிட்டு, வலி கண்ட பெறகு உங்கம்மா வீட்டுக்குத்தான் வண்டி புடிச்சுப் போன."

"அப்ப அவளுக்கு மட்டும் தாய்வீடு இல்லியோ? நாதி அத்தவளா? ரெண்டு தெரு ஆம்பிளையளும் சேந்து ஒரு பொம்பளையைப் பேறுகாலத்துக்கு அனுப்பாமக் கட்டிப் போட்டிருக்கியன்னு வெளியூர்ல தெரிஞ்சா, நம்ம ஊருக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

பங்குச்சாமி வாயைத் தொறந்தாரு, இழுக்குறதுக்கு வார்த்தை கெடைக்காம மூடிட்டாரு. அந்த முறையைத் தாண்டிப் பேச எங்க ஊர் ஆம்பிளைக்கு நாக்கு கெடையாது. சட்டத்தைக் காட்டி, படத்தைக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டு டீச்சரால முடியாதது, எஸ்கலினோட வயித்தெரிச்சலுக்கு முடிஞ்சுது. தோபியாஸே தூண்ல இருந்து கயித்தை அவுத்தான். அவன் கண்ணு கலங்குனதை அவ கருப்புக் கண்ணாடி வழியா நல்லாப் பாத்தா.

அனுப்புறதுன்னா வெறுங்கையோடயா அனுப்புறது? மறுநாள் கட்டுச்சோறு கட்டுனோம்: புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காச்சோறு, தயிர்ச்சோறு. மூத்த பிள்ளைக்குச் செஞ்ச தண்டையை ஒருத்தி வாலுக்குக் கொண்டு வந்தா, வால் நுனிக்குக்கூடப் பத்தல. மேலத்தெரு மூணு சோறு கூட வச்சுச்சு, கீழத்தெரு மேளம் வச்சுச்சு. எல்லாரும் வந்து நின்ன பெறகு, கிளாடிஸ் மைனி பெரிய தூக்குச்சட்டியோட கூட்டத்தை வெலக்கிக்கிட்டு வந்தா. மூடியைத் தொறந்தா. ஆவி பறக்குது, பூண்டு வாசம் தூக்குது.

"பிள்ளைத்தாச்சிக்குப் பால் ஊறணும்லா," ன்னா. "சுறாப்புட்டு."

மேளம் நின்னுச்சு.

உழுவை ஒரு கண்ணால சட்டியைப் பாத்துச்சு.

"ஏட்டி," ன்னா எஸ்கலின், "அது அவ தங்கச்சிட்டி!"

கிளாடிஸ் மைனி சட்டியை மூடிட்டு ஓடுன ஓட்டத்தை எங்க ஊரு இன்னும் பேசுது. அன்னைக்கு அந்தப் புட்டை ஒருத்தரும் தொடல, மண்ணுல புதைச்சோம், ரெண்டு பொம்பளைங்க அழக்கூடச் செஞ்சாவ.

தாய்வீட்டுல இருந்து ஒரு பொம்பளை வந்து கூட்டிட்டுப் போறதுதான் முறை, புருசன் வீட்டு ஆம்பிளை கூடப் போவக் கூடாது. உழுவைக்கு யாரு வருவா? "நான் கூட்டிட்டுப் போறேன்"னா எஸ்கலின். திரும்பி வராம இருக்கிறதைத் தன் கண்ணால உறுதி பண்ணிக்கிடணும் அவளுக்கு. சின்னதுல அப்பன்கூட வள்ளத்துல போனவ, என்ஜினை ஒரே இழுப்புல கெளப்புனா. தொணைக்கு ஏறின கிளாடிஸ் மைனி அலை தாண்டுறதுக்குள்ள வாந்தி எடுத்து எறங்கிட்டா. தோபியாஸ் இடுப்புத் தண்ணி வரைக்கும் வந்து நின்னான். முறை தெரிஞ்சவன், அதுக்கு மேல வரல.

உழுவை காத்துல இருந்து அலைக்குள்ள எறங்குச்சு, சத்தமே இல்லாம, சேலையை மடிச்சு வைக்கிற மாதிரி. அப்பதான் எஸ்கலின் கூலிங் கிளாஸைக் கழத்துனா.

அவ பாத்தா. இத்தனை நாள் சேத்து வச்ச பார்வை மொத்தத்தையும், புருசன் ஊத்தின ஒவ்வொரு கொடத்துக்கும் சேத்து, முழுசாப் பாத்தா. டக்குன்னு ஒரு சத்தம். நெடுக்கப் பொளந்துச்சு.

மஞ்சக் கருவி.

ரெண்டு துண்டாகி அலையில மிதந்துச்சு. உழுவைக்கு ஒரு கீறல் இல்ல. அந்தக் கண்ணு கடைசி வரைக்கும் அந்தத் தொங்கட்டான் மேலதான் இருந்திருக்கு. டீச்சர் தலையில கை வச்சு மணல்ல உக்காந்துட்டா, வள்ளமும் உழுவையும் சின்னதாகி, புள்ளியாகி, மறைஞ்சுபோச்சு.

பொழுது சாயுற நேரம் வள்ளம் தனியா வந்துச்சு. எஸ்கலின் தலை முதல் கால் வரைக்கும் நனைஞ்சிருந்தா, கையெல்லாம் ஏதோ வழவழன்னு மினுங்குச்சு, முகம் மட்டும் எங்க யாருக்கும் அடையாளம் தெரியல.

தோபியாஸ் ஓடுனான். "எங்கட்டி பெத்தா?"

"கடல்ல."

"கடல்ல எங்க?"

"தண்ணியில."

டீச்சர் அவ கையைப் புடிச்சுக்கிட்டா. "அக்கா, அந்த எடத்தைக் காப்பாத்தத்தானுங்க கேக்குறேன்."

"எடத்தைச் சொன்னா என்ன செய்வ?"

"சுத்திக் கோடு போட்டு, யாரும் வரக்கூடாதுன்னு எழுதி வாங்குவேன்."

"கோட்டுக்கு வெளிய?"

"வெளிய வாரிட்டுத்தான் போவாங்கன்னு எனக்கும் தெரியுமுங்கக்கா. ஆனா ஒரு எடத்தைக் காட்டுனாத்தான் மேல கையெழுத்துப் போடுவாங்க."

"சரி, காட்டுதேன்"னு எஸ்கலின் கையை நீட்டுனா. தெக்க கலங்கரை விளக்கத்துல ஆரம்பிச்சு, கடல் வானத்தைத் தொடுற கோட்டு மேலயே மெதுவா இழுத்துக்கிட்டு வந்து, வடக்க உப்பளத்து மேடு வரைக்கும் கொண்டு வந்து நிறுத்துனா. "இங்கதான்."

டீச்சர் சிரிச்சுட்டா. ஆனா படத்துல அப்படியேதான் வரைஞ்சா, அதை வச்சுக்கிட்டு இன்னைக்கும் ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்குறா.

ஊருக்கு அதுல ஒரு சிக்கல் வந்துருச்சு. பேறுகால வீட்டுக்குள்ள ஆம்பிளை திடுதிப்புன்னு கால் வைக்கக் கூடாது, வாசல்ல நின்னு செருமணும். வீடு எங்கன்னு தெரிஞ்சா அதை விட்டு வெலகிப் போயிரலாம். தெரியலையே. அதனால எங்க ஆளுங்க இப்ப வலை எறக்குறதுக்கு முன்னால, எந்த எடமா இருந்தாலும், என்ஜினை அணைச்சுட்டு, ஒரு செருமு செருமி, "உள்ள யாரும் இருக்கியளாம்மா?"ன்னு தண்ணியைப் பாத்துக் கேக்காவ. வயிறு உப்பின சுறா வலையில வந்தா, கூசிப்போயி, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு விட்டுருதாவ. பாக்குற பக்கத்து ஊர்க்காரனுவ சிரிக்கானுவ. சிரிக்கட்டும்.

தோபியாஸுக்குத்தான் தூக்கம் போச்சு. உலகத்துல ஒருத்தரும் பாக்காததைத் தன் பொண்டாட்டி பாத்துட்டா, தான் பாக்கல. காலையில எழுந்தா "எப்படிட்டி இருந்துச்சு?", சாப்பிடும்போது "எல்லாம் ஒண்ணா வந்துச்சா, ஒண்ணொண்ணா வந்துச்சா?", கடல்ல இருந்து வந்ததும் "உன்னையப் பாத்துச்சாட்டி, கடைசியில?" அவளுக்குக் குளிக்கக் கொடங்கொடமா தண்ணி சொமக்குறான், கீரை உருவிக் குடுக்குறான், பேசிக்கிட்டே இருக்கான். "சொல்லுதேன், மொதல்ல அந்தக் காலைப் புடிச்சு விடுங்க"ன்னு நீட்டுவா. புடிச்சு விடுவான். சொல்ல மாட்டா.

அடுத்த வருசம் கொண்டல் காத்து திரும்பி அடிக்க ஆரம்பிச்ச ஒரு மத்தியானம், எஸ்கலின் வாசல்ல உக்காந்து கொழம்புக்குப் புளி கரைச்சுக்கிட்டு இருந்தா. தெருமுனையில இருந்து, கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலா, முதுகுல வெள்ளைப் புள்ளியோட, காத்துல தத்தித் தத்தி ஒண்ணு நீந்தி வந்துச்சு. தோபியாஸ் கொடத்தோட எழுந்து நின்னான். அது அவனைத் தாண்டிப் போச்சு. ஏலக்காரரைத் தாண்டி, சோத்துப் பருக்கையோட நின்ன கிளாடிஸ் மைனியைத் தாண்டி, நேரா எஸ்கலின் மடிகிட்ட வந்து நின்னுச்சு.

தோபியாஸ் மூஞ்சி போன போக்கை நாங்க எல்லாரும் பாத்தோம். அவ பாக்கல. அவ புளிக்கையைச் சேலையில தொடைச்சுட்டு, அவசர அவசரமா உள்ள ஓடி, அரிசிப்பானைக்குப் பின்னால தேடி எடுத்து, தூசியை ஊதி, கூலிங் கிளாஸை மாட்டிக்கிட்டு வந்து உக்காந்தா. அது போற வரைக்கும் கழத்தல.